முதலாளி சலித்த மணல்

மணல் கலந்த தண்ணீரை வேகமாகப் பீச்சி இரும்பை அறுக்கும் பட்டறை அது. அறுத்து முடிந்த மணலைக் காயவைத்துச் சலித்து, திரும்ப இயந்திரத்துக்குக் கொடுப்பது பவுனம்மாளின் வேலை. அதை நம்பித்தான் அவள் வீட்டில் உலை கொதித்தது.

ஒரே மணலை மூன்றாம் முறை ஓட்டியபோது அறுப்பு பாதியில் நின்றது.

"சல்லடையில நிக்கிறதுதான் மணல், கீழ விழுறது வெறும் தூள். மூட்டை நிறையச் சலிச்சுக் கொடு, இல்லேன்னா வேலைய விட்டுப் போ" என்றார் முதலாளி தணிகாசலம்.

"எனக்குத்தான் சலிக்கத் தெரியல போல. நீங்களே சலிச்சுக் காட்டுங்கய்யா."

எல்லோரும் பார்க்க அவர் அந்த மணல் மூட்டை முழுவதையும் சலித்தார். சல்லடையில் ஒரு பிடிதான் நின்றது.

"இரும்புல மோதி மோதி மணலும் உடையுதுங்கய்யா. தூள் எப்படி அறுக்கும்?"

பட்டறையே சிரித்தது. தணிகாசலம் கையில் ஒட்டிய தூளைத் தட்டிக்கொண்டார்.

"சரிதான். இனிப் புது மணலே வாங்கிக்கறேன். சலிக்க ஆள் வேண்டாம், நீ கிளம்பு."

சிரித்தவர்கள் இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.