முன்னே நாலு விரல், பின்னே ஐந்து விரல்

அரசர்கள் எப்போதும் உயரத்தில் இருக்கவே விரும்புவார்கள் என்று மக்கள் நெடுங்காலமாக நம்பி வருகிறார்கள். சிம்மாசனம், அம்பாரி, உப்பரிகை என்று சான்றுகளையும் அடுக்குகிறார்கள். இந்த நம்பிக்கை முற்றிலும் பிழையானது என்பதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. நெடுங்கோட்டை சமஸ்தானத்து ராஜா மகுடபூபதி தாழ்வாக இருக்கத்தான் ஆசைப்பட்டார். எவ்வளவு தாழ்வாக என்றால், தரையிலிருந்து நாலு விரற்கடை.

கப்பலில் வந்து இறங்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்தான் எல்லாவற்றுக்கும் காரணம். இரண்டே பேர் உட்காரலாம். வந்த அன்றே ராஜா உத்தரவு போட்டார்.

"வண்டியைத் தாழ்த்துங்கள். முன்பக்கம் நாலு விரல், பின்பக்கம் ஐந்து விரல். பாயப்போகிற புலி மாதிரி இருக்க வேண்டும்."

ஃபிட்டர் மிக்கேல் ஸ்பிரிங்குகளின் மேலிருந்த மரைகளைத் திருகி வண்டியை அப்படியே இறக்கி வைத்தான். ராஜா விரலை வைத்து அளந்து பார்த்தார். சரியாக இருந்தது. ஏறினார், கிளப்பினார். கோட்டை வாசலில் ஒரு கல்மேடு உண்டு. அதில் காரின் மூக்கு 'கர்ரக்' என்று தேய்ந்தது. ராஜா இறங்கி அளந்தார். நாலு விரல்தான். மறுபடி ஏறினார். கர்ரக். மறுபடி இறங்கி அளந்தார். நாலேதான்.

என்ன விஷயம் என்பது அரண்மனையில் அடுப்பு ஊதுகிறவர் வரை எல்லாருக்கும் தெரியும். ராஜா நல்ல ஆகிருதி. அவர் ஏறினால் வண்டி இறங்கும். அவர் இறங்கினால் வண்டி ஏறும். ஆனால் இதைச் சொல்ல ஆளில்லை. 'உடம்பு சற்றே பூசினாற்போல் இருக்கிறது' என்று சொன்ன அரண்மனை வைத்தியர் அப்போது யானைக் கொட்டடியில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தளவாய் வீரபாகு இந்தச் சமயத்துக்காகவே காத்திருந்தவர். அவரும் ஒல்லியானவர் அல்ல.

"மகாராஜா, ஃபிட்டர் ஏதோ வேலை காட்டுகிறான். அவனைச் சிபாரிசு செய்து கொண்டுவந்தது யார்? நம் திருமலைக்கொழுந்துதானே?"

திருமலைக்கொழுந்து சபையில் யோசனை சொல்லும் உத்தியோகம் பார்த்தவர். அவர் யோசனைகள் பலித்துவந்ததுதான் தளவாய்க்கு வயிற்றெரிச்சல்.

ராஜா சொன்னார்: "திருமலை, வெள்ளிக்கிழமை தேர்வீதியில் ஓட்டப்போகிறேன். வாசலில் தேய்ந்தால் நீரும் உம்முடைய ஃபிட்டரும் அப்படியே எல்லை தாண்டிப் போய்விடலாம்."

மிக்கேல் தனியாக வந்து திருமலைக்கொழுந்திடம் புலம்பினான். "ஐயா, மகாராஜா உட்கார்ந்திருக்கும்போது அளந்தால்தான் சரியாக வரும்."

"மகாராஜா மேலே இருக்க நீ அடியில் மல்லாந்து படுத்துக் காலை நீட்டுவாயா? தளவாய் உன் காலை எடுத்துவிடுவார்."

"அப்படியானால் அதே கனத்துக்கு ஓர் ஆளையாவது..."

"ராஜாவின் ஆசனத்தில் இன்னொருவர் உட்கார்ந்தால் அது ராஜத்துரோகம். அந்த ஆளும் ராஜாவும் ஒரே கனம் என்று நீ எதை வைத்துச் சொல்வாய்? அது அதைவிடப் பெரிய துரோகம்."

திருமலைக்கொழுந்து இரவெல்லாம் யோசித்தார் என்று எழுத ஆசைதான். உண்மையில் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் யோசித்துவிட்டார். நேரே ராஜாவிடம் போனார்.

"மகாராஜா, புது வாகனத்துக்குக் கண் பட்டிருக்கிறது. கோட்டைக்குள்ளிருக்கும் முருகன் சன்னிதியில் வெல்லத்தால் துலாபாரம் கொடுத்துவிடலாம்."

துலாபாரத் தட்டில் மட்டும் ராஜாவுக்குத் தன் கனத்தைப் பற்றிக் கூச்சம் இல்லை. கனம் கூடினால் புண்ணியமும் கூடுமே! தட்டில் ஏறிச் சம்மணமிட்டு, "இன்னும் வை, இன்னும் வை" என்று அதட்டினார். எதிர்த்தட்டு சமமாகும் வரை வெல்ல மூட்டைகள் ஏறிக்கொண்டே போயின.

பூஜை முடிந்தது. பிரசாத வெல்லம் அரண்மனைக்குப் புது வாகனத்தில்தான் போக வேண்டும் என்றார் திருமலைக்கொழுந்து. மூட்டைகள் அத்தனையும் ராஜாவின் ஆசனத்தில் ஏறின. தளவாய் ஓடிவந்தார்.

"ராஜா உட்காரும் இடத்தில் மூட்டையா?"

"மூட்டை என்றா சொன்னீர்கள்? முருகன் ஏற்றுக்கொண்ட பிரசாதம், ஐயா. எழுந்திருக்கச் சொல்வதானால் நீங்களே சொல்லுங்கள்."

தளவாய் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். சேவகர்கள் வண்டியைத் தள்ளியே அரண்மனைக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மிக்கேல் அடியில் புகுந்து மரையைத் திருகினான். வெல்லம் அசையாமல் உட்கார்ந்திருக்க, முன்னே நாலு, பின்னே ஐந்து என்று நிறுத்தினான். பிறகுதான் மூட்டைகள் இறங்கின.

வெள்ளிக்கிழமை வந்தது. ராஜா காரைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"என்ன இது? ஆறு விரல் இருக்கிறதே! புலியா இது? ஒட்டகம்!"

திருமலைக்கொழுந்து கைகூப்பினார். "மகாராஜா, முன்பு இந்த வண்டிக்கு மரியாதை தெரியாது. யார் வந்தாலும், வராவிட்டாலும் குனிந்தே நின்றது. இப்போது பழக்கியிருக்கிறோம். மகாராஜா அமர்ந்தால் மட்டுமே தலை வணங்கும்."

ராஜா சந்தேகத்தோடு ஏறினார். வண்டி மெல்ல இறங்கியது. மிக்கேல் விரலை வைத்துக் காட்டினான். நாலு!

"அட, வணங்குகிறதே!" ராஜா இறங்கினார், வண்டி நிமிர்ந்தது. ஏறினார், வணங்கியது. குழந்தைபோல் இப்படியே கொஞ்சநேரம் விளையாடினார்.

தளவாய்க்குப் பொறுக்கவில்லை. "வாசலைத் தாண்டட்டும், பார்க்கலாம். நானும் கூட வருகிறேன்" என்று பக்கத்து இருக்கையில் தொப்பென்று விழுந்தார். வண்டி கிளம்பியது. கல்மேட்டில் கர்ரக்!

"பார்த்தீர்களா மகாராஜா! நான் சொன்னேனே!" தளவாய் கைகொட்டினார்.

ராஜாவின் மீசை துடித்தது. "திருமலை! என்ன சொல்கிறீர்?"

மிக்கேல் எல்லைச் சாலை எந்தப் பக்கம் என்று பார்த்தான். திருமலைக்கொழுந்து கைகட்டிக்கொண்டு பணிவாகச் சொன்னார்:

"எனக்கும் அதுதான் வருத்தம், மகாராஜா. தாங்கள் ஏறியபோது வண்டி தலைதான் வணங்கியது. தளவாய் ஏறியதும் தரையில் மூக்குப் பட சாஷ்டாங்கமாக விழுந்துவிட்டது."

ராஜா திரும்பித் தளவாயைப் பார்த்தார். "எனக்கு வணக்கம், உமக்குச் சாஷ்டாங்கமா? இறங்குமய்யா கீழே!"

தளவாய் இறங்கினார். சிவப்புக் கார் மேட்டை உரசாமல் தாண்டியது. ராஜாவின் சிரிப்பு தேர்வீதி முழுக்கக் கேட்டது. திரும்பி வந்ததும் திருமலைக்கொழுந்துக்குப் பட்டுச் சால்வையும் மிக்கேலுக்கு வெள்ளிக் காப்பும் கொடுத்தார்.

மறுநாள் முதல் தளவாய் வீரபாகு இரவில் கஞ்சி மட்டும் குடிக்கத் தொடங்கினார்.