யார் குளிப்பாட்டியது?

ஒரு வழக்கைச் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

நான் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பவன். இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் கஷ்டத்தை "ஐயா, வணக்கம்" என்று ஆரம்பித்து ஒரே பக்கத்தில் முடித்துக் கொடுக்கிறேன். இப்போதெல்லாம் யார் எதைச் சொல்லி அழுதாலும் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. இதைக் கேட்டபோதும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறக்க மாட்டேன் என்கிறது.

என்னிடம் மனு எழுத வந்தவள் அன்னக்கொடி. நூல் மில்லில் வேலை பார்ப்பவள். கல்யாணம் ஆகவில்லை. தம்பி சௌந்தரபாண்டிக்கு முப்பத்தெட்டு வயது. ஐ.டி.ஐ. படித்து ஃபிட்டராக இருந்தவன். மனச்சிதைவு நோய் வந்து, காதுக்குள் யார் யாரோ பேச ஆரம்பித்தார்கள். மாத்திரையில் அந்தப் பேச்சு அடங்கியது. கூடவே அவனும் அடங்கிவிட்டான். சாப்பிடு என்றால் சாப்பிடுவான். சொல்லாவிட்டால் தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பான். ஒன்பது வருஷமாக அக்காதான் குளிப்பாட்டுகிறாள். ஒருமுறை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் தொலைந்துவிட்டதால், வேலைக்குப் போகும்போது அவனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவாள். உதவித்தொகை கிடைத்தால் மில்லை விட்டுவிட்டு வீட்டிலேயே தைத்துக்கொண்டு அவனைப் பார்த்துக்கொள்ளலாம். அவளுக்கு வேண்டியது பூட்டில்லாத வீடு, அவ்வளவுதான்.

உதவித்தொகைக்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு நோய் நாற்பது சதவீதம் தேற வேண்டும். தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறானா, பிறரோடு பழகுகிறானா, சொல்வது புரிகிறதா, வேலை செய்கிறானா என்று பார்த்து டாக்டர் மார்க் போடுவார். மார்க் நோய்க்குத்தான். இங்கே ஃபெயில் ஆனவன்தான் பாஸ்.

சான்றிதழ் கொடுக்க நடத்தும் மருத்துவ முகாமுக்கு முதல் தடவை போகும்போது அன்னக்கொடி என்ன செய்தாள் தெரியுமா? பெரிய டாக்டர் முன்னால் போய் நிற்கிறோமே என்று தம்பிக்கு முகச்சவரம் செய்து, தலைக்கு ஊற்றி, தேய்த்த சட்டை போட்டு, நெற்றியில் திருநீறும் பூசிக் கூட்டிப் போனாள். டாக்டர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு முப்பது போட்டார்.

"சுத்தமாக் கூட்டிட்டுப் போனது தப்பா அண்ணாச்சி?" என்று என்னிடம் வந்து கேட்டாள்.

"தப்புதாம்மா. அடுத்த முகாமுக்குப் பத்து நாளைக்கு முன்னாடியே குளிப்பாட்டுறத நிறுத்திரு. மாத்திரைய நிறுத்திராத. நீ இல்லேன்னா அவன் எப்படி இருப்பானோ, அதத்தான் காட்டுறோம். இதுல பொய் ஒண்ணும் இல்ல" என்றேன். மனுவோடு இலவசமாகக் கொடுத்த யோசனை.

அவளும் அப்படியே செய்தாள். பத்து நாளும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சோறு போட்டாளாம். முகாம் அன்று காலை, அவள் அடுப்படியில் இருக்கும்போது குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் பாண்டி தானாகக் குளித்து, தானாகத் துவட்டி, சட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறான். பொத்தான்களை ஓட்டை மாற்றிப் போட்டிருந்தான்.

"பத்து நாளா நீ குளிப்பாட்டலக்கா. எம்மேல கோவமோன்னு நெனச்சேன்" என்றானாம்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பொத்தானைக்கூடச் சரிசெய்யாமல் கூட்டிப் போனாள்.

டாக்டர் இந்த முறை பாண்டியிடமே கேட்டார். "யாருப்பா குளிப்பாட்டுனது?"

"நானே குளிச்சேன் சார்." சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது என்றாள் அன்னக்கொடி.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா?"

"இல்ல சார். நான்தான் குளிப்பாட்டுனேன். அவனுக்கு ஞாபகம் இருக்காது."

பாண்டி மறுக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்ப அக்காதான் சார்" என்றான்.

டாக்டர் அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷமாக ஒருவனுக்குச் சட்டை போட்டுப் பழகிய கை பொத்தானை மாற்றிப் போடாது. அது அவருக்கும் தெரிந்திருக்கும். குனிந்து நாற்பத்தைந்து என்று எழுதினார்.

நடந்ததைத்தான் சொன்னான் தம்பி. அதை இல்லையென்றாள் அக்கா. பொய்யென்று தெரிந்தும் கையெழுத்துப் போட்டார் டாக்டர். இதில் யார் செய்தது சரி? கொஞ்சம் யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

விடை: என்னைக் கேட்டால், அக்கா செய்ததுதான் சரி. யோசனை கொடுத்தவன் நான் என்பதால் என் தீர்ப்பை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். டாக்டர் கேட்டது ஒரு நாளைப் பற்றி. அவள் ஒன்பது வருஷத்துக்குப் பதில் சொன்னாள். டாக்டரும் அந்த ஒன்பது வருஷத்துக்குத்தான் எழுதினார் என்று நினைக்கிறேன். உதவித்தொகை வருகிறது. மில்லை விட்டுவிட்டாள். கதவு நாள் முழுக்கத் திறந்தே கிடக்கிறது. போன வாரம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். பாண்டி தலை சீவி, பொத்தானெல்லாம் சரியாகப் போட்டு உட்கார்ந்திருந்தான். "என்ன பாண்டி, குளிச்சாச்சா?" என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. தையல் மெஷின் பக்கம் திரும்பி, "குளிச்சேனாக்கா?" என்று கேட்டான்.