நாச்சிமுத்து பறக்கவிட்ட ரிங்குகள்

லாரி முகப்பில் பெயர் எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கைக்குத்தான் வேலை, காது சும்மா கிடக்கும். திருச்செங்கோட்டில் நான் பெயின்ட் அடிக்கிற பட்டறையில் அந்தக் காதை நிரப்புகிற உத்தியோகத்தை டயர்க்கார நாச்சிமுத்து பல வருஷமாக இலவசமாகச் செய்துவருகிறான். எனக்கும் அவன் இல்லாவிட்டால் பிரஷ் ஓடாது.

அன்றைக்குப் பட்டறையில் நின்றது பூங்கோதையின் லாரி. அவள் அப்பா ஓட்டின, மூக்கு நீண்ட பழைய வண்டி. ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் பழைய வண்டிகளின் ஊர்வலம். அதில் அவளே ஓட்டிக்கொண்டு போவதாக முடிவு. இன்ஜின் பேசிவிட்டது, பிரேக் பிடித்துவிட்டது, சக்கரம்தான் பாக்கி.

சக்கரம் என்றால் இந்தக் காலத்து ஒற்றைத் துண்டுச் சக்கரம் இல்லை. டயரை ஏற்றியபின், அது கழன்று வராமல் இருக்க ஓரத்துப் பள்ளத்தில் ஓர் இரும்பு ரிங்கைத் தட்டி உட்காரவைக்க வேண்டும். பள்ளத்தில் துரு இருந்தாலோ, ஒரு சக்கரத்து ரிங்கை மறந்துபோய் இன்னொன்றில் மாட்டினாலோ, காற்று ஏறுகிற வேகத்தில் ரிங் தெறித்து வெளியே வரும். எதிரே நிற்கிறவன் உயிர் அவன் கையில் இல்லை. அதனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ரிங் மாட்டினவன் முதல் நடைக்கு டிரைவர் பக்கத்திலேயே உட்கார்ந்து போகவேண்டும். அப்போது வேலையில் கள்ளம் இருக்காது.

அந்த சீட்டின்மேல்தான் நாச்சிமுத்துவுக்குக் கண். ஊர்வலம் போகிற தெருவில் அவன் சம்பந்தி வீடு இருக்கிறது. இவனை நாலு பேர் முன்னால் 'பஞ்சர்க்காரர்' என்று கூப்பிடுகிற சம்பந்தி. மாலை போட்ட லாரியில் முன் சீட்டில் உட்கார்ந்து அந்த வாசலைக் கடந்துவிட்டால் போதும், அப்புறம் செத்தாலும் பரவாயில்லை என்று என்னிடம் சொல்லியிருந்தான். போட்டிக்கு இருந்தவன் எதிர்க்கடை சென்னிமலை. நாச்சிமுத்துவின் தங்கச்சி புருஷன். ரிங் தெறிக்காமல் சக்கரத்தைக் கட்டுகிற சங்கிலியைக் கையில் எடுத்துவந்து, பேசாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

"ஏனுங்ண்ணா, இந்த ரிங்கு வேலை உங்களுக்குப் பழக்கமுங்களா?" என்று பூங்கோதை கேட்டாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும்.

"பழக்கமான்னா கேக்கறீங்க அம்மிணி? ரிங்குக்கே என்னையத் தெரியுமுங்க. ஒருக்கா குமாரபாளையத்துல ஒரு லாரிக்குக் காத்துப் புடிச்சுட்டு இருந்தேன். ரிங்கு 'டப்'புனு கெளம்புச்சு. நான் குனிஞ்சேன். தலையில கட்டியிருந்த உருமாலை மட்டும் எடுத்துக்கிட்டு, கூரையைப் பொத்துட்டுப் போயிருச்சு. சாயங்காலம் பாத்தா, பனமரத்து உச்சியில உருமால் மடிச்சு வெச்சிருக்குது."

"மடிச்சா?" என்றான் சென்னிமலை.

"நாலா மடிச்சு மாப்ளே. என்ற வீட்டுக்காரி கூட அப்படி மடிச்சதில்ல."

பூங்கோதை சிரித்தாள். அதுதான் வினையாகப் போயிற்று. ஒரு பெண்பிள்ளை சிரித்துவிட்டாள் என்றால் நாச்சிமுத்துவுக்கு நாக்கில் பிரேக் பிடிக்காது.

"அதாச்சும் சின்ன ரிங்குங்க. பரமத்திக்கிட்ட ஒண்ணு பறந்துச்சு பாருங்க, அது போன பாதையில ஒரு தென்னந்தோப்பு. ஒரு மரம் விடல. அத்தனை தேங்காயும் கீழ. தோப்புக்காரரு தடியோட ஓடியாராரு. வந்து பாத்தா எல்லாம் உரிச்சு விழுந்திருக்குது. தடியைக் கீழ போட்டுட்டு, 'அடுத்த வெட்டுக்கும் நீதாஞ்சாமி வரோணும்'னு கையப் புடிச்சுக்கிட்டாரு."

"உரிச்ச ரிங்கு உடைக்கலயா மச்சான்?"

"சட்னிக்கு ஆகறதை மட்டும் உடைச்சுச்சு."

என் கையில் பெயின்ட் டப்பா குலுங்கியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கொல்லிமலை விசயத்தைச் சொல்லு நாச்சி" என்று நானே எடுத்துக் கொடுத்தேன். அப்படி ஒரு விசயம் கிடையாது. சும்மா அவிழ்த்துவிட்டேன். அவன் என்னை நன்றியோடு பார்த்தான்.

"சொல்லலாமான்னு யோசிச்சேன், இவனே கேட்டுட்டான். அன்னைக்கு நான் ரிங்கு மேல ஏறி நின்னு தட்டிட்டு இருந்தேனுங்க. காத்து ஏறிட்டு இருந்தது நெனப்பில்ல. கெளம்பிருச்சு. நானும் மேல, ரிங்கும் மேல. கீழ பாக்கறேன், சங்ககிரி மலை ஒரு வறட்டி அளவுக்குத் தெரியுது. கொல்லிமலையைத் தாண்டறப்ப ஒரு மேகம் குறுக்க நிக்குது. நகரமாட்டேங்குது. கையில டயர் லீவர் இருந்துச்சு. உட்டேன் ஒரு நெம்பு. ராசிபுரத்துல மழை!"

"ராசிபுரத்துல மட்டுந்தானா?" என்றேன்.

"நாமகிரிப்பேட்டையில ஓரமா தூத்தல்."

"எறங்குனது எப்படிங்ண்ணா?" என்றாள் பூங்கோதை. இப்போது அவள் சிரிக்கவில்லை. எதையோ கணக்குப் பார்க்கிறவள் மாதிரிக் கேட்டாள். நான் அதைக் கவனித்தேன், அவன் கவனிக்கவில்லை.

"பருந்து மாதிரி வட்டம் போட்டு எறங்கி, என்னைய பட்டறை வாசல்ல விட்டுட்டு ரிங்கு திரும்பிப் போயிருச்சுங்க. அதுக்கு வேற சோலி இருந்துச்சு."

"ரிங்குக்கு என்ன சோலி?" சென்னிமலை ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டான்.

"ராத்திரியில நிலாவைச் சுத்தி வட்டமா ஒண்ணு தெரியுமே, கோட்டை கட்டியிருக்குதுன்னு சொல்லுவாங்களே, அது என்னன்னு நெனச்சீங்க? என்ற ரிங்கு."

"யோவ் மச்சான், நிலாக் கோட்டை என்ற பாட்டன் காலத்துலயும் இருந்துச்சு!"

"அது வேற கம்பெனி ரிங்கு."

பட்டறையே சிரித்தது. வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவர் முகமூடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். நாச்சிமுத்து இடுப்பில் கைவைத்து, இப்போதே முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டவன் மாதிரி நின்றான்.

பூங்கோதை மட்டும் எழுந்து போய், அப்பா லாரியின் சக்கரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அண்ணா, ஒரு ரிங்கு உருமாலோட போச்சு. ஒண்ணு தேங்கா வெட்டப் போச்சு. ஒண்ணு நிலாவுக்குப் போச்சு. நீங்க மாட்டி, சக்கரத்துலயே நின்ன ரிங்கு ஒண்ணு சொல்லுங்க. அந்தச் சக்கரத்து மேல நான் கோயம்புத்தூர் போகோணும்."

நாச்சிமுத்து இடுப்பிலிருந்த கையை எடுத்துவிட்டு ஓடிவந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"அய்யோ அம்மிணி, அத்தனையும் புளுகுங்க! சும்மா சிரிக்கறதுக்குச் சொன்னது. என்ற கையில ஒரு ரிங்கு கூடப் பறந்ததில்லைங்க. இந்தச் சக்கரத்து மேல அடிச்சுச் சத்தியம் பண்றேன். இத்தனை வருசத்துல ஒண்ணு, ஒரே ஒண்ணு, நூலளவு கூட நகந்ததில்லைங்க!"

சத்தியமாக உண்மை. வேலை என்று வந்துவிட்டால் அவன் வேற ஆள். பள்ளத்தைத் துருப்போகத் தேய்த்து, எந்தச் சக்கரத்து ரிங் எது என்று சாக்கட்டியால் குறித்து, சங்கிலியை ரெண்டு சுற்றுச் சுற்றி, ரிங்கைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் காற்றுக்குழாயைத் தொடுவான். அப்போது மட்டும் பேசவே மாட்டான். ஊரில் அவனைப் போல ரிங் மாட்டுகிறவன் கிடையாது. கொல்லிமலையை எடுத்துக் கொடுத்த பாவம் எனக்குத்தான்.

"நீயாச்சும் சொல்லுடா" என்று என் கையைப் பிடித்தான். கண் கலங்கியிருந்தது.

பிரஷை டப்பாவில் போட்டுவிட்டு முன்னால் வந்தேன். "நெசந்தான் அம்மிணி. கூடவே இருந்து பாத்தவன் சொல்றேன். இவன் மாட்டுன ரிங்கு ஒண்ணுகூடப் பறந்ததில்ல."

பூங்கோதை அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் சென்னிமலை பக்கம் திரும்பி, சங்கிலியை எடுத்து வரச்சொல்லிக் கை காட்டினாள்.

"காலையில இருந்து நீங்க ரெண்டு பேரும் சொன்ன புளுகுலயே இதுதாங்ண்ணா பெருசு."