ராசிக்காகக் கட்டிய லேஸ்

எபனேசர் மாஸ்டரிடம் கேள்வி கேட்கப் போகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது வேலை. பந்துக்குக் காற்றடி, கோல் வலையில் கிழிசலை முடி, கோட்டுக்குச் சுண்ணாம்பு போடு. எல்லாம் முடித்து நிமிர்ந்தால் கேள்வியே மறந்துபோயிருக்கும். வியாசர்பாடியில் பந்தைக் காலால் தொட்ட எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் போவார்கள்.

இறுதி ஆட்டத்தன்று காலையில் குணாளனும் போனான். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் வீட்டிலிருந்து நடந்தே போனான்.

மாஸ்டர் மைதானத்து ஓரம் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். போன வருடம் அவரை ஓய்வுக்கு அனுப்பியது அந்த முழங்கால்தான். வெள்ளிச்சுடர் அணியின் தலைமைப் பயிற்சியாளர் பதவி அப்படித்தான் அவருடைய பழைய சீடன் குணாளனுக்கு வந்தது.

"இன்னா குணா, மூஞ்சி ஏன் வெளுத்துக் கீது?"

"பயமாக் கீது மாஸ்டர்."

ஒரு காலத்தில் எதிரணி ஆட்கள் இவன் நிற்கிற பக்கமே பந்தை எடுத்து வர யோசிப்பார்கள். அப்பேர்ப்பட்டவன் வெட்கத்தை விட்டு இதைச் சொன்னான்.

"தோத்துடுவோம்னா?"

"தோத்தா தோத்துட்டுப் போறோம். அது இல்ல மாஸ்டர்."

அது செல்வின் விஷயம். அரையிறுதியில் நடுக்களத்தில் ஆடிக்கொண்டிருந்த செல்வின், யாரும் தொடாமலே சுருண்டு விழுந்தான். தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாதத்து எலும்பில் விரிசல். அந்த விரிசல் விழுந்தே இரண்டு வாரம் ஆகியிருந்தது. அத்தனை நாளும் துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டி, மேலே ஸ்டாக்கிங்ஸை ஏற்றிவிட்டு ஆடியிருக்கிறான். இன்னும் ஒரு ஆட்டம் ஆடியிருந்தால் ஒழுங்காக நடக்க முடியுமா என்பதே சந்தேகம் என்று டாக்டர் சொன்னார்.

"ஏண்டா சொல்லல?" என்று குணாளன் கேட்டதற்கு, கட்டிலில் படுத்தபடி அவன் சொன்னது ஒரே வரி.

"நீங்க திட்டுவீங்கன்னுதான் மாஸ்டர்."

அன்றைக்குப் பிடித்த பயம். சாப்பிட உட்கார்ந்தால் செல்வின் விழுந்த சத்தம் காதில் கேட்டது. குணாளன் வாய் திறந்தால் மைதானத்துக் காக்காய் பறக்கும் என்று பையன்கள் கேலி பேசுவார்கள். அந்த வாயை அவன் மறுநாளே கட்டினான். பந்தைக் கோட்டுக்கு வெளியே அடித்தவனுக்கும் "சூப்பர்டா" என்றான். தட்டிக் கொடுத்தான், சிரித்தான். பையன்கள் முன்னைவிட அரண்டுபோனார்கள். திட்டுகிற மாஸ்டரை அவர்களுக்குப் பழக்கம். சிரிக்கிற மாஸ்டர் யாரை அணியிலிருந்து தூக்கப் போகிறாரோ என்று தங்களுக்குள் கிசுகிசுத்தார்கள்.

"நேத்து ஒவ்வொருத்தனையா தனியாக் கூப்ட்டுக் கேட்டேன் மாஸ்டர். எங்கனா வலி கீதா, பயப்படாம சொல்லுன்னு. அத்தினி பேரும் ஒண்ணும் இல்ல மாஸ்டர்ன்றான். செல்வினும் அப்படித்தான் சொன்னான். இன்னிக்கு எவன் விழப் போறான்னு தெரியாம டீமை இறக்கணும். திட்டினாலும் மறைக்கிறான், தட்டிக் கொடுத்தாலும் மறைக்கிறான். நான் எப்படித்தான் இருக்கட்டும்? அதைச் சொல்லுங்க."

மாஸ்டர் தைலப் புட்டியை மூடினார்.

"பையில பூட்ஸ் கீதா?"

"கீது."

"மாட்டு."

சரி, மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்லப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு குணாளன் பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸை மாட்டினான். லேஸுக்குக் கை போனது.

"கைய எடு."

மாஸ்டர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே இறங்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு மண்ணில் மண்டி போட்டார்.

"மாஸ்டர், வேணாம்! மண்டி போடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிக் கீறாரு."

"டாக்டருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். கால நீட்டு."

இது அவருடைய பழைய வழக்கம். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் அத்தனை பேருக்கும் அவரே மண்டி போட்டு லேஸ் கட்டுவார். ப்ராக்டிஸில் அவர் வாயில் வராத வசவு கிடையாது. ஆட்டத்தன்று மட்டும் வாயே திறக்காமல் இவர்கள் காலடியில் உட்கார்ந்திருப்பார். ஏன் மாஸ்டர் என்று கேட்டால், "என் ராசிடா. நான் கட்டலன்னா தோத்துடுவோம்" என்பார். எல்லோரும் நம்பினார்கள்.

பதவிக்கு வந்ததும் குணாளன் முதலில் நிறுத்தியது இந்த வழக்கத்தைத்தான். மீசை முளைத்தவனுக்கு லேஸ் கட்டத் தெரியாதா? அந்த நேரத்தில் போர்டில் ஆட்டத் திட்டத்தை வரைந்து காட்டினால் உபயோகமாக இருக்கும் என்றான். கேட்டவர்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மாஸ்டர் வலது காலைக் கட்டி முடித்தார். இடது காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். ஒவ்வொரு துளையாக லேஸை இழுத்து வந்தவரின் கட்டை விரல், கணுக்காலுக்குக் கீழே போய் ஒரு இடத்தில் நின்று அழுத்தியது.

குணாளன் வெடுக்கென்று காலை இழுத்தான்.

"இன்னுமா வலிக்குது?"

"மழைக் காலத்துல லேசா..." குணாளன் பாதியில் நிறுத்தினான். "இன்னுமான்னா?"

மாஸ்டர் காலை மறுபடி மடிக்கு இழுத்து முடிச்சைப் போட்டார்.

குணாளனுக்கு அந்தப் பழைய இறுதி ஆட்டம் ஞாபகம் வந்தது. மறந்திருந்தால்தானே வருவதற்கு! அவனுடைய அப்பா லீவு போட்டுவிட்டு முதல் முறையாக மகன் ஆடுவதைப் பார்க்க வந்திருந்த நாள் அது. மாஸ்டர் லேஸைக் கட்டிவிட்டு எழுந்தார். எல்லோரும் கேட்க, "குணா, நீ இன்னிக்கு உக்காரு. உன்னை இறக்கப் போறதில்ல" என்றார். காரணம் சொல்லவில்லை. அப்பா கேலரியிலிருந்து அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த நாள் அணியில் எல்லோருக்கும் டாக்டரை வைத்துப் பரிசோதனை நடந்தது. அதில்தான் குணாளன் ஒரு மாதமாக மறைத்து வைத்திருந்த கணுக்கால் விரிசல் வெளியே வந்தது. ஏதோ நம் நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டான். மாஸ்டரோடு மட்டும் இரண்டு வருடம் பேசவில்லை.

"உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"

"விரல் வச்சதும் தெரிஞ்சுது."

"அங்கியே சொல்லியிருக்கலாம்ல? உங்களை நான் எவ்ளோ கரிச்சுக் கொட்டினேன் தெரியுமா?"

"சொல்லியிருந்தா அடுத்த மேட்ச்சுக்கு எவன்டா எங்கிட்ட கால நீட்டுவான்?"

குணாளன் முடிச்சுப் போட்ட லேஸைத் தொட்டுப் பார்த்தான்.

"நீயும்தான் எங்கிட்ட சொல்லல" என்றார் மாஸ்டர். "நானும் திட்டுறவன்தான்."

அவர் கையை நீட்டினார். குணாளன் தூக்கிவிட்டான்.

மதியம் உடை மாற்றும் அறையில் குணாளன் போர்டுப் பக்கமே போகவில்லை. நேராகக் கோல்கீப்பர் முன்னால் போய் மண்டி போட்டான். பையன் பதறிக் காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"ராசிக்குடா" என்றான் குணாளன். "நீட்டு."

அறையில் பேச்சு நின்றுவிட்டது. ஒவ்வொரு காலாக எடுத்து மடியில் வைத்தபோதும், இதுவா, இதுவா என்று குணாளனுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒருவனுக்கும் ஒன்றும் இல்லை. எழுந்து அடுத்தவனிடம் போகும்போது பயம் குறையவில்லை, கூடியது.

கடைசியாகத் தாமு. அணிக்குக் கோல் போட்டுக் கொடுப்பவன். ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுக்கிற ஒரு பெரிய அணியிலிருந்து அவனைப் பார்ப்பதற்கென்றே இரண்டு பேர் வந்து கேலரியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"சூப்பரா கீறேன் மாஸ்டர்" என்றான் தாமு, கேட்காமலே.

கட்டை விரல் பாதத்தின் வெளிப்பக்கம் போனது. அழுத்தியது. தாமுவின் முகம் சிரித்தபடியே இருந்தது. கால் அசையவில்லை. பூட்ஸுக்குள் விரல்கள் மட்டும் சுருண்டுகொண்டன. பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்த கை வெளுத்தது.

அழுத்தாமலே விட்டிருக்கலாம் என்று ஒரு கணம் குணாளனுக்குத் தோன்றியது. லேஸை முடிந்தான். எழுந்து நின்றான்.

"தாமு, நீ இன்னிக்கு உக்காரு."

"மாஸ்டர்?"

"உன்னை இறக்கப் போறதில்ல."

"என்னைப் பாக்க ஆளு வந்து கீறாங்க மாஸ்டர். எங்கம்மா வேலைக்குப் போகாம வந்து உக்காந்து கீது. நான் இன்னா தப்பு பண்ணேன்?"

"உக்காருன்னேன்."

தாமு லேஸைப் பிய்த்தான். பூட்ஸைக் கழற்றிச் சுவரில் எறிந்தான். பிறகு குணாளனைப் பார்த்தான். அந்தப் பார்வையைக் குணாளனுக்கு நன்றாகத் தெரியும். அவனே ஒரு நாள் மாஸ்டரைப் பார்த்த பார்வை அது.

வெளியே நடையில் மாஸ்டர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"யாரு?"

"தாமு."

"நாளைக்கு எல்லாருக்கும் டாக்டர் வராரு. பேசிட்டேன்."

மைதானத்திலிருந்து விசில் கேட்டது. பையன்கள் அவர்களைத் தாண்டி ஓடினார்கள்.

"அந்தப் பையன் பொழப்புல நான் மண்ணைப் போட்டுட்டேன் மாஸ்டர். ஜென்மத்துக்கும் என் மூஞ்சில முழிக்க மாட்டான். எப்படிப் பாத்தான் தெரியுமா?"

"தெரியும்" என்றார் மாஸ்டர். "நீ பாத்தியே."

மாஸ்டர் குனிந்து அவன் கால்களைப் பார்த்தார்.

"இன்னிக்குக் காலையில எங்கிட்ட நடந்துதானே வந்தே?"