ராஜாவுக்குக் குழி மூக்கு

முன்னொரு காலத்தில் செம்பாறை நாட்டைக் கெட்டிமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் எடுப்பார் கைப்பிள்ளை. ஒருமுறை பக்கத்து நாட்டுக் கோட்டையைப் பிடித்தான். பிடித்தது என்ன, கோட்டைக்காரர்கள் எல்லோரும் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கிழட்டுக் காவற்காரன் ஒருவன் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தான். இருந்தாலும் வெற்றி வெற்றிதானே? வெள்ளியில் பதக்கம் அடித்து ஏழு தேசத்து ராஜாக்களுக்கும் அனுப்பி, அவர்களை நடுங்கவைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டான்.

அதற்கு அச்சு வெட்டும் வேலை நாணயச்சாலைச் செங்கமலத்துக்குக் கிடைத்தது. தன் மச்சானுக்கு அதை வாங்கித்தர நினைத்திருந்த அமைச்சர் அம்பலவாண ராயருக்கு வயிறு எரிந்தது. இரும்பு அச்சு தயாரானதும் அதைத் தூக்கிக்கொண்டு சபைக்கு ஓடினார்.

“மகாராஜா, இந்த அநியாயத்தைப் பாருங்கள். தங்கள் மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் பள்ளம். வாள் இடது கையில். ஏழு தேசமும் சிரிக்கும்.”

ராஜா பார்த்தான். பள்ளம்தான், இடது கைதான். “இதை வெட்டிய கையை வெட்டுங்கள்” என்றான்.

செங்கமலத்தை இழுத்துவந்தார்கள். கை போனால் உளி ஏது, சோறு ஏது? அச்சு அப்படித்தான் இருக்கும் என்று கோபக்கார ராஜாவுக்குப் பாடம் நடத்தினால் கையோடு தலையும் போகும். அப்போதுதான் ராயர் விரலிலிருந்த அரசு முத்திரை மோதிரம் அவள் கண்ணில் பட்டது.

“குற்றம்தான், மகாராஜா. ஆனால் என்னோடு ராயர் ஐயா கையும் போகவேண்டும். அதுதான் நியாயம்.”

“என் கை எதற்கு?” என்றார் ராயர்.

“நம் கொடிச் சிங்கம் வலது காலைத் தூக்கி நிற்கும். ஐயா மோதிரத்துச் சிங்கம் இடது காலைத் தூக்குகிறது. வயிறும் குழிந்து கிடக்கிறது. பாவம், எத்தனை நாள் பட்டினியோ.”

ராஜா மோதிரத்தைப் பிடுங்கிப் பார்த்தான். அவள் சொன்னபடியே இருந்தது. அவன் கண் சிவக்க, ராயருக்கு வேர்த்துக் கொட்டியது.

“முத்திரை அப்படித்தான் இருக்கவேண்டும், மகாராஜா. அரக்கில் அழுத்தினால் பள்ளம் மேடாகும், இடது வலதாகும். இதுகூடத் தெரியாதவன் மடையன்.”

“பதக்கத்து அச்சும் அதே சங்கதிதான். நான் சொன்னால் எடுபடாது, அதனால்தான் ஐயா வாயாலேயே வரவழைத்தேன்” என்றாள் செங்கமலம்.

தவளை தன் வாயால் கெட்டது. சபை கொல்லென்று சிரித்தது. ராஜா அங்கேயே ஒரு வெள்ளி வில்லையை வைத்து அடிக்கச் சொன்னான். வந்தது பதக்கம்: எடுப்பான மூக்கு, வலது கையில் வாள், காலடியில் நாற்பது யானை.

“அந்தக் கோட்டையில் யானையே இல்லையே, பெண்ணே?”

“ஏழு தேசத்து ராஜாக்களும் அங்கே வரவில்லையே, மகாராஜா.”

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தான். “முதல் பதக்கம் உனக்குத்தான். ராயரே, வெட்டப் பார்த்தோமே, அந்தக் கையிலேயே நீர் கொண்டுபோய் வையும்.”

செங்கமலம் நிமிர்ந்து நின்று கையை நீட்டினாள். அவள் நல்ல குள்ளம். ராயர் முதுகை நன்றாக வளைக்க வேண்டியிருந்தது.