சிக்கனக் கரண்டி

"எங்கிட்ட எடுக்கிற கரண்டி யார் வீட்டுல எரியுதுன்னு மட்டும் சொல்லு. தறியைத் தூக்கிட்டுப் போய் அந்த வெளிச்சத்துல நெய்துக்கிறேன்."

பூவனூர் அரண்மனையின் எண்ணெய்ச் சாலையில் வரிசையில் நின்ற ஒரு பெண் சொன்னது இது. பெயர் வெள்ளைத்தாயி. தறிக்காரத் தெரு. எண்ணெய் அளப்பவன் அவள் வாங்கிய ஒரு நாழி எண்ணெயிலிருந்து வழக்கம்போல ஒரு கரண்டி எடுத்துப் பக்கத்து அண்டாவில் ஊற்றினான்.

அந்த வழியாகப் போன தோணியப்பர் காதில் இது விழுந்தது. தோணியப்பர் சேந்த மன்னரின் சபையில் இருப்பவர். அங்கே அவருக்கு இன்ன வேலை என்று கிடையாது. மற்றவர்கள் சொல்லத் தயங்குவதை மன்னரிடம் சொல்வார். மன்னர் சிரித்தால் மாலையில் வீட்டுக்குப் போவார். இதுவரை எல்லா மாலையும் போயிருக்கிறார்.

கரண்டி, மந்திரி ஏகாம்பரத்தின் திட்டம். மூன்று வருடமாக நடக்கிறது. ஊரில் யார் எண்ணெய் வாங்கினாலும் நாழிக்கு ஒரு கரண்டி அரண்மனைக்கு. அந்த எண்ணெயை விற்றுப் புது விளக்குகள் செய்தார்கள். ஒல்லித் திரியும் மூடியும் வைத்த விளக்கு. பாதி எண்ணெயில் அதே வெளிச்சம் தரும். அதிகம் எரிக்கிறவர்களுக்குக் கொடுத்தால்தானே அதிகம் மிச்சமாகும்? ஆகவே விளக்கெல்லாம் மாடி வீடுகளுக்குப் போயிற்று. தறிக்காரத் தெருவில் வீட்டுக்கு ஒரே விளக்கு. அதில் என்னத்தை மிச்சம் பிடிப்பது என்று விட்டுவிட்டார்கள். கரண்டியை மட்டும் விடவில்லை.

அன்று சபையில் ஏகாம்பரம் ஓலையைப் பிரித்துப் படித்தார்.

"நானூறு புது விளக்குகள் கொடுத்திருக்கிறோம், மகாராஜா. நானூறு பழைய விளக்குகள் ஓய்வு பெற்றுவிட்டன. ஆயிரம் குடம் எண்ணெய் மிச்சம். வெள்ளிக்கிழமை முதல் இரண்டு கரண்டியாக எடுத்தால் இரண்டாயிரம் குடம் மிச்சமாகும்."

மன்னர் தலையாட்டினார். தோணியப்பர் இருமினார்.

"என்ன தோணியப்பரே?"

"இரண்டாவது கரண்டியும் போனால் தறிக்காரத் தெருவில் பொழுது சாய்ந்ததும் தறி நின்றுவிடும், மகாராஜா. அதற்கு முன்னால் அந்த மிச்ச எண்ணெயை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் மனசு ஆறும்."

"எரியாத எண்ணெயை எப்படி ஐயா பார்ப்பது?" என்றார் ஏகாம்பரம். "எரியவில்லை, அதனால்தான் அது மிச்சம்!"

சபை சிரித்தது. மன்னருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"தோணியப்பரே, கேட்டவர் நீர். காட்டுகிறவரும் நீராகவே இரும். வியாழக்கிழமைக்குள் அந்த ஆயிரம் குடம் என் கண்ணில் பட வேண்டும். படாவிட்டால் மறுநாளே இரண்டு கரண்டி. தறிக்காரத் தெருவுக்குத் தண்டோரா போடுவதும் நீர்தான்."

"உத்தரவு. வியாழக்கிழமை வசந்த மண்டபத்தில் விழா. அந்த ஒரு மாலைக்கு நானூறு புது விளக்குகளும் மண்டபத்துக்கு வரட்டும்."

"என் வீட்டு நாற்பதும் முதலில் வரும்!" என்றார் ஏகாம்பரம்.

வந்தது. வியாழக்கிழமை பிற்பகல் ஏகாம்பரமே நின்று எண்ணினார். நானூறு. திரும்பவும் எண்ணினார். நானூறுதான்.

சூரியன் இறங்கியதும் தோணியப்பர் மன்னரிடம் வந்தார்.

"விளக்கு வைக்கிற நேரம், மகாராஜா. மந்திரி வீடுவரை ஒரு நடை போய் வரலாமா?"

"அங்கே எதற்கு? விளக்கெல்லாம் இங்கே இருக்கிறது. இருட்டில் தடுக்கி விழவா?"

"விழுகிறோமா என்று பார்க்கத்தான்."

ஏகாம்பரமும் கூடவே வந்தார். பாதி வழியில் அவர் நடை தளர்ந்தது. வாசல் தெரிந்ததும் நின்றேவிட்டது.

மந்திரியின் மனைவி காந்திமதி ஓடிவந்து கும்பிட்டார்.

"வாங்க மகாராஜா! முன்பக்கம் கொஞ்சம் மங்கலா இருக்கு, மன்னிச்சுக்கணும். இங்கே இருந்ததெல்லாம் மண்டபத்துக்குப் போயிடுச்சு. பின்கட்டுக்கு வாங்க. அங்கே எப்பவும்போலத்தான் இருக்கு."

பின்கட்டு பகல்போல இருந்தது. மாட்டுத் தொழுவத்தில் மாட்டுக்கு ஒரு விளக்கு. புறாக்கூண்டில் நான்கு. கிணற்றைச் சுற்றி ஆறு. கிளிக்குத் தனியாக ஒன்று. அது வெளிச்சம் தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. எல்லாம் பழைய, தடித்த திரி விளக்குகள். சுவரெல்லாம் கரி.

"அம்மா, இதெல்லாம் இன்றைக்கு எடுத்து வைத்ததா?" என்றார் மன்னர்.

"இன்னைக்கா? மூணு வருஷமா எரியுதே! புது விளக்கு பாதி எண்ணெய்தானே குடிக்குது. மீதி சும்மாதானே கிடக்குதுன்னு பழசையும் ஏத்திட்டோம். தெரு முழுக்க அப்படித்தான், மகாராஜா. நல்ல விளக்கை மூலையில போட்டு வீணாக்கக் கூடாது பாருங்க. இவர்தான் எப்பவும் சொல்வார், சிக்கனமா இருக்கணும்னு."

ஏகாம்பரம் புறாக்கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மன்னர் மெதுவாகத் தோணியப்பர் பக்கம் திரும்பினார். தோணியப்பர் பணிவாகக் கையை நீட்டித் தொழுவத்தையும் கிணற்றையும் கிளியையும் காட்டினார்.

"ஆயிரம் குடம் கேட்டீர்கள், மகாராஜா. இந்த வீட்டில் ஒரு நூறு தேறும். மீதியைப் பார்க்க அடுத்த வீட்டுக்குப் போகலாம்."

மன்னர் சிரித்த சிரிப்பில் படுத்திருந்த மாடு எழுந்து நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றினார்.

"மோதிரம் இருக்கட்டும், மகாராஜா. மண்டபத்து விளக்குகள் தறிக்காரத் தெருவுக்குப் போனால் போதும்."

"போகட்டும். இனி ஒற்றை விளக்கு வீட்டில் கரண்டியும் எடுக்கக் கூடாது" என்றார் மன்னர். பிறகு சுற்றிலும் பார்த்தார். "நானூறு விளக்கு. யார் சுமந்துபோய்க் கொடுப்பது?"



ஏகாம்பரம் தோளில் கிடந்த பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்தார். சுருட்டிச் சும்மாடாக்கித் தலையில் வைத்துக்கொண்டு மண்டபத்தை நோக்கி நடந்தார்.