கழுகுக்கு ஒரே பிள்ளை

அந்தக் காலத்தில், பறவையும் மிருகமும் வாய் விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, கழுகு மாமிசம் தின்னாது. அத்திப்பழம்தான் அதற்குச் சோறு. கால் விரல்கள் புறாவுக்கு இருப்பது மாதிரி மெத்தென்று இருக்கும். கண்ணும் சாதாரணக் கண்தான். பக்கத்து மரம் வரைக்கும் தெரியும், அதற்கு மேல் மங்கல். முகத்தில் இப்போது இருக்கிற கடுகடுப்பும் கிடையாது.

மலையடிவாரத்தில் ஓர் இலுப்பை மரத்து உச்சியில் ஒரு கழுகுப் பெண் கூடு கட்டியிருந்தாள். புருஷன் தண்ணீர் தேடிப் போனவன் திரும்பவில்லை. இரண்டு பிள்ளைகள். மூத்தவன் வீரணன். நான்கு நாள் கழித்து முட்டையை உடைத்து வந்தவன் சிட்டான்.

எதிர் மரத்துப் பொந்தில் ஓர் இருவாச்சிப் பறவை அடைகாத்துக்கொண்டிருந்தாள். இருவாச்சிகளின் வழக்கப்படி வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொண்டு, மூக்கு நுழைகிற அளவு கீறல் மட்டும் விட்டிருந்தாள். அந்தக் கீறல் வழியாகத்தான் அவள் புருஷன் ஊட்டுவான். அதன் வழியாகத்தான் அவள் ஊரையும் பார்ப்பாள்.

கழுகு பழம் கொண்டுவந்தால் முதல் வாய் வீரணனுக்கு. அவன் வயிறு நிறைந்து தலையைத் திருப்பிக்கொண்டால்தான் சிட்டானுக்கு.

"ஏன் அக்கா, சின்னதுக்கு ஒரு வாய் முன்னாடி கொடுத்தா குறைஞ்சா போயிருவீங்க?" என்று கேட்டாள் இருவாச்சி.

"நாளைக்கு எனக்கு ஆதரவு மூத்தவன்தானடி. அவன் தேறட்டும். சின்னவன் மிச்சத்துல வளர்ந்துக்குவான். உக்காந்த இடத்துல புருஷன் ஊட்டிவிடுறான், நீ நியாயம் பேசுற!"

மிச்சம் இருந்த வரைக்கும் சிட்டானும் வளர்ந்தான். பிறகு மழை பொய்த்தது. அத்தி மரங்கள் காய்ந்தன. நாளெல்லாம் பறந்தாலும் ஒரே ஒரு பழம்தான் கிடைத்தது. அது வீரணனுக்கே பத்தவில்லை.

"நாளைக்கு உனக்குத்தான் சாமி" என்றாள் சிட்டானிடம். அடுத்த நாளும் அதையே சொன்னாள். மூன்றாம் நாள் அவன் கேட்டான்:

"நாளைக்குன்னா எப்பம்மா?"

நான்காம் நாள் அவள் கொண்டுவந்தது பாதிப் பழம். அதிலும் புழு. சிட்டான் அன்றைக்குத்தான் முதல்தடவையாக அண்ணனுக்கு முன்னால் கழுத்தை நீட்டினான். வீரணன் அவன் தலையில் கொத்தினான். தோளால் முட்டி முட்டிக் கூட்டின் விளிம்புக்குத் தள்ளினான்.

"அம்மா!"

ஒரு சிறகை நீட்டியிருந்தால் போதும், நின்றிருப்பான். ஆனால் அவள் மனசுக்குள் ஒன்று ஓடியது. வாய் ஒன்றுதான் என்றால் இந்தப் பழம் போதும். கழுகு முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கீழே சருகுச் சத்தம் கேட்டது.

பழத்தை வீரணனுக்கு ஊட்டி முடித்த பிறகுதான் கேட்டாள், "தம்பி எங்கடா?"

"விழுந்துட்டான்."

"ஐயையோ, நான் பாக்கலையே!"

கீறலுக்குள்ளிருந்து இருவாச்சி கத்தினாள். "பார்த்தீங்க அக்கா! பார்த்துட்டுத்தான் திரும்புனீங்க. நான் அடைஞ்சு கிடக்கேன், வர முடியல. உங்களை எவ அடைச்சு வச்சா?"

கழுகு கீழே இறங்கித் தேடினாள். புல்லுக்குள் ஒன்றும் இல்லை. மேலே போனால் தெரியும் என்று மேலே போனாள். இன்னும் மேலே போனாள். நாள் கணக்காக வட்டமடித்தாள். வெயிலில் புருவத்தைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்ததில் எலும்பு அப்படியே இறுகிப்போனது. கண் கூர்மையாகிக்கொண்டே வந்து, காத தூரத்தில் ஒரு புல் அசைந்தாலும் தெரிந்தது.

ஒரு நாள் புல்லுக்குள் சின்னதாக, சாம்பலாக, ஏதோ அசைந்தது. சிட்டான் நிறம். கழுகு இறகை மடக்கிக்கொண்டு கல் மாதிரி விழுந்தாள். இந்தத் தடவை விடக் கூடாது, விடவே கூடாது என்று பிடித்தாள். இறுக்கிய இறுக்கில் விரல் முறுக்கேறி, நகம் நீண்டு வளைந்தது.

கூட்டுக்கு வந்து காலை விரித்தாள். முயல் குட்டி. நகம் நெஞ்சு வரைக்கும் இறங்கியிருந்தது.

"என்னம்மா இது?" என்றான் வீரணன்.

"உன் தம்பின்னு நினைச்சேன்டா."

வீரணன் மோந்து பார்த்தான். ஒரு துண்டு பிய்த்துத் தின்றான். "நல்லா இருக்கும்மா. நாளைக்கும் கொண்டா."

அவளுக்கும் பசி. அவளும் ஒரு வாய் தின்றாள்.

அன்று முதல்தான் கழுகு உயரத்தில் வட்டமடித்து, தரையில் சின்னதாக எது அசைந்தாலும் பாய்ந்து பிடிக்கிறது. பிடித்ததை விடுவதில்லை. இன்றைக்கும் இரண்டு முட்டைதான் இடுகிறது. பெரியது சின்னதைத் தள்ளும்போது மட்டும், காத தூரத்துப் புல் அசைவதைப் பார்க்கிற அந்தக் கண்ணை மலைப்பக்கம் திருப்பிக்கொள்கிறது.